ஜப்பான் கார் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

வாசகி கேட்கிறார்: நான் சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கும் தாதி. இரவுப் பணிக்குப் போய்வரவும், வாரத்தில் மூன்று நாள் அம்மாவைச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்லவும், எப்போதாவது மலேசியாவின் மூவாரில் உள்ள கணவர் வீட்டுக்குப் போகவும் ஒரு பழைய கார் வாங்கப் போகிறேன். மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். மூன்றும் 2019-இல் பதிந்தவை, விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்று இணை இறக்குமதியாளர் (நிறுவனத்தின் அதிகாரபூர்வ முகவர் அல்லாதவர்) வழியாக வந்த ஹோண்டா வெஸல் ஹைபிரிட், இன்னொன்று ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், மூன்றாவது ஹூண்டாய் அவான்டே. "ஜப்பான் வண்டியென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறார் என் மாமா. கணவருக்கு கோல்ஃப் மீது ஆசை. அப்பா 2011-இல் வாங்கிய ஹோண்டா சிட்டியை, கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து இன்றும் ஓட்டுகிறார்; அது ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. ஜப்பானியக் கார்கள் மற்றவற்றைவிட உண்மையிலேயே நம்பகமானவையா? எதை வாங்கலாம்?

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமா சொல்வது பொதுவாக உண்மை. ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மூன்று வண்டிகளுக்கு அது பொருந்தவில்லை. உங்கள் நிலையில் நான் இருந்தால், முதலில் போய்ப் பார்ப்பது கொரிய அவான்டேயை. வெஸல் இரண்டாவது, அதுவும் சில சோதனைகளில் தேறினால் மட்டும். கோல்ஃப் ஓட்டுவதற்கு மூன்றிலும் இனிமையானது என்று உங்கள் கணவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தில் அம்மாவுக்கு ஒதுக்கிய நேரம் தவறக்கூடாது என்ற கட்டாயம் உள்ள வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வரிசைக்கான காரணங்களை விளக்கினால், நாளை இந்த மூன்றும் கைநழுவி வேறு வண்டி வந்தாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

மாமாவின் கூற்றுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் கார் உரிமையாளர்களிடம் ஆண்டுதோறும் கேட்டுத் தொகுக்கப்படும் இரண்டு பெரிய ஆய்வுகளை உலகமே மேற்கோள் காட்டுகிறது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பட்டியலில் அண்மை ஆண்டுகளில் டொயோட்டா, லெக்சஸ், சுபாரு ஆகிய மூன்று ஜப்பானியப் பெயர்களும் முன்வரிசையைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஜே.டி. பவர் நிறுவனம் மூன்று ஆண்டு ஓடிய வண்டிகளில் நூற்றுக்கு எத்தனை குறைகள் என்று எண்ணி வெளியிடும் பட்டியலில் லெக்சஸ் பல ஆண்டுகள் முதலிடம் பெற்றிருக்கிறது. ஆனால் அதே பட்டியலில் 2022-இல் எல்லாரையும் முந்தி முதலிடத்துக்கு வந்தது கியா என்ற கொரிய நிறுவனம். மேலும், இத்தகைய கணக்கெடுப்பில் திரையில் வரைபடம் தடுமாறுவதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் உடைவதும் ஒரு குறை. முதலாவது எரிச்சல், இரண்டாவது சில ஆயிரம் வெள்ளி. பழைய கார் வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம், பட்டியலின் ஒற்றை எண்ணிலோ அது மறைந்து போய்விடுகிறது.

இந்தப் பெயர் ஜப்பானுக்கு எப்படி வந்தது என்பதையும் சிறிது பார்த்துவிடலாம், ஏனெனில் அதற்குள்ளேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. போருக்குப் பிந்திய ஜப்பானில், 1950-இல், எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர், உற்பத்தியில் ஏற்படும் ஏற்ற இறக்கங்களை அளந்து கட்டுப்படுத்தினால் குறையுள்ள பொருள் தானாகவே குறையும் என்று தொழிலதிபர்களுக்கும் பொறியாளர்களுக்கும் வகுப்பெடுத்தார்; அவர் பெயரில் நிறுவப்பட்ட விருதை டொயோட்டா 1965-இல் பெற்றது. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறையில், வரிசையில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி ஒரு குறையைக் கண்டால் தலைக்கு மேலே உள்ள கயிற்றை இழுத்து உதவிக்கு ஆளை அழைக்கலாம். குறை தீராவிட்டால் வரிசையே நின்றுவிடும். குறையை அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

இந்த முறை ஜப்பானியரின் இரத்தத்தில் ஊறியது, மற்றவர்க்கு வராது என்று நினைத்தவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் விடை கிடைத்தது. அங்கே ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை ஒழுங்கீனத்துக்கும் மோசமான தரத்துக்கும் பேர்போனது. 1982-இல் அதை மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தபோது, பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரையே மீண்டும் வேலைக்கு எடுத்து, டொயோட்டாவின் முறையில் பயிற்சி கொடுத்தார்கள். அதே கைகளிலிருந்து சில ஆண்டுகளிலேயே ஜப்பானில் செய்த வண்டிகளுக்கு ஏறத்தாழ நிகரான வண்டிகள் வந்தன. ஆகவே நம்பகத்தன்மை என்பது கற்றுக்கொள்ளக்கூடிய வேலைமுறை. கற்றுக்கொள்ளக்கூடியது என்றால் கொரியரும் கற்கலாம், சீனரும் கற்கலாம். கற்ற நிறுவனமே ஒரு குறிப்பிட்ட மாடலில் அவசரப்பட்டுக் கோட்டைவிடவும் செய்யலாம். இந்த மூன்றும் கடந்த இருபது ஆண்டுகளில் நம் கண்ணெதிரே நடந்திருக்கின்றன.

அதோடு, எந்த வண்டி எந்த நாட்டுடையது என்பதே இப்போது சிக்கலான கேள்வியாகிவிட்டது. சிங்கப்பூரில் ஓடும் ஹோண்டா சிட்டி, மிட்சுபிஷி அட்ராஜ் போன்றவை தாய்லாந்தில் தயாரானவை. நிசான் காஷ்காய் இங்கிலாந்தின் சண்டர்லாந்திலிருந்து வருகிறது, சுசுகி விட்டாரா ஹங்கேரியிலிருந்து. டொயோட்டாவின் ஜிஆர் சுப்ரா ஆஸ்திரியாவில் கட்டப்பட்டு, பிஎம்டபிள்யூ எஞ்சினோடு வெளிவந்தது. மறுபக்கம், பெஜோ, வால்வோ, மினி என்று ஐரோப்பியப் பெயர் தாங்கிய பல மாடல்களில் இருக்கும் தானியங்கி கியர்பாக்ஸ் ஜப்பானின் ஐசின் நிறுவனத்துடையது. நம் ஜூரோங்கிலேயே 2023-இல் திறக்கப்பட்ட ஹூண்டாய் நிலையத்தில் ஐயோனிக் 5 மின்சாரக் கார் உருவாகியிருக்கிறது. அதைக் கொரிய வண்டி என்பதா, சிங்கப்பூர் வண்டி என்பதா என்று காப்பிக்கடையில் உட்கார்ந்து பொழுதுபோக வாதாடலாம். பழைய கார் வாங்கும்போது மூக்கில் ஒட்டியிருக்கும் சின்னத்தைவிட, மூடிக்கு உள்ளே எந்த எஞ்சினும் எந்த கியர்பாக்ஸும் சேர்ந்திருக்கின்றன என்பதே பேச வேண்டியது.

அந்தக் கண்ணோடு பார்த்தால் ஜப்பானியப் பெருமையிலும் பல ஓட்டைகள் தெரியும். நிசானின் சிவிடி (தனித்தனி கியர்களுக்குப் பதிலாகப் பட்டையால் இயங்கும்) கியர்பாக்ஸ்கள் அமெரிக்காவில் அத்தனை புகார்களைச் சந்தித்ததால், 2003 முதல் 2010 வரையிலான மாடல்களுக்கு நிறுவனமே உத்தரவாதத்தைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்க வேண்டியதாயிற்று. உறுதிக்கு உரைகல் என்று எல்லாரும் சொல்லும் டொயோட்டாவே, 2024-இல் எஞ்சினுக்குள் உலோகக் கடைசல் துகள்கள் தங்கிவிட்டதால் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டண்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2013-இல் வெளியிட்ட ஃபிட் ஹைபிரிட் பற்றி நீங்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிவந்து ஓராண்டு சொச்சத்துக்குள் ஐந்து முறை திரும்ப அழைக்கப்பட்டது, அதற்குப் பொறுப்பேற்று நிறுவனத்தின் தலைவரும் மற்ற மேலாளர்களும் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். நீங்கள் பார்த்திருக்கும் முதல் தலைமுறை வெஸல் ஹைபிரிடில் இருப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏழு வேக இரட்டை கிளட்ச் அமைப்புதான்.

கொரியருக்கும் இதில் விலக்கில்லை. ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் விற்ற தீட்டா வகை 2.0, 2.4 லிட்டர் எஞ்சின்களில் தாங்கிகள் (பேரிங்குகள்) தேய்ந்து எஞ்சினே இறுகிப்போனது பெரிய விவகாரமாகி, 2015-இலும் 2017-இலும் பெருமளவில் திரும்ப அழைத்தார்கள். உங்கள் அவான்டேயில் இருப்பது அந்த எஞ்சின் இல்லை. டர்போ இல்லாத 1.6 லிட்டர் எஞ்சின். பெயர் ஒன்று, உள்ளுறுப்பு வேறு.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். ஜப்பான் கார் இருபது ஆண்டுகள் ஓடும், மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டும் என்ற புகழ் பெரும்பாலும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நெடுந்தொலைவு நாடுகளில் பிறந்தது. இங்கே வாகன உரிமைச் சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டுகள். ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சராசரிக் கார் இரண்டு லட்சத்தைத் தொடுவதற்கு முன்பே ஏற்றுமதிக்கோ உடைப்புக்கோ போய்விடுகிறது. அண்மை ஆண்டுகளில் ஏலத்தில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவுச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டும் தாண்டியும் போயிருப்பதால் உங்கள் அப்பாவைப் போலப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் 2029-இல் ஆயுள் முடியும் வண்டியைத் தேடும் உங்களுக்கு, பதினைந்தாம் ஆண்டில் எது தாங்கும் என்பதைவிட, இப்போதிலிருந்து மூன்று நான்கு ஆண்டுகளில் எது பெரிய செலவு வைக்காது என்பதே கேள்வி. அந்தக் குறுகிய கால அளவில் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இடையே உள்ள வேறுபாடு, நன்றாகப் பராமரித்த வண்டிக்கும் பராமரிக்காத வண்டிக்கும் உள்ள வேறுபாட்டைவிடச் சிறியது.

கொரிய வண்டி தாங்குமா என்று உங்கள் மாமா ஐயப்பட்டால், கம்ஃபர்ட் நிறுவனத்தின் நீல நிற சொனாட்டா டாக்சிகளை அவருக்கு நினைவூட்டுங்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று மாறி மாறி ஓட்ட, எஞ்சின் ஆறுவதற்கே நேரமில்லாமல், எட்டு ஆண்டு சட்டபூர்வ ஆயுளை அந்த டீசல் வண்டிகள் ஆயிரக்கணக்கில் ஓடி முடித்தன. அவற்றின் இருக்கைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. கால அட்டவணைப்படி ஆயில் மாற்றி, சிறு பழுதை அன்றே பார்த்துவிடும் பணிமனை பின்னால் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

வண்டியைச் சோதிப்பதில் நம் ஊரின் வெப்பமும் ஈரப்பதமும் பட்டியல் போடும் எந்த நிறுவனத்தையும்விடக் கறாரானவை. பேட்டரி இங்கே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்தால் அதிர்ஷ்டம். ரப்பர் புஷ்கள் வெடிக்கின்றன, குளிர்விப்பு அமைப்பில் உள்ள பிளாஸ்டிக் உறைகள் நொறுங்குகின்றன. சிவப்பு விளக்கில் நின்று குளிர்சாதனத்தை ஓட்டும் நேரமும் நிறைய என்பதால், கிலோமீட்டர்க் கணக்கைவிட எஞ்சின் உண்மையில் அதிகம் உழைத்திருக்கும். பல உற்பத்தியாளர்களின் கையேட்டில் "கடுமையான பயன்பாடு" என்ற தலைப்பில் குறுகிய பயணம், அடிக்கடி நின்று கிளம்புதல், வெப்பமான சூழல் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்லியிருப்பார்கள். சிங்கப்பூரில் வாழும் எல்லா வண்டியும் அந்தத் தலைப்பின் கீழ்தான் வரும். ஆனால் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

கோல்ஃபின் கதையில் இது நேரடியாகவே தெரியும். ஃபோக்ஸ்வாகனின் ஏழு வேக உலர் கிளட்ச் (கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் தோயாத) கியர்பாக்ஸில், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த, அடிக்கடி நின்று கிளம்பும் ஊர்களில், செயற்கை எண்ணெயின் காரணமாக மின்கோளாறு ஏற்படக்கூடும் என்று கண்டு, 2013 நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் வண்டிகளுக்கு அந்த எண்ணெயைக் கனிம எண்ணெயாக மாற்றிக்கொடுத்தார்கள். ஜெர்மனியில் அதே கியர்பாக்ஸ் பெரிய தொந்தரவு இல்லாமல் ஓடியிருக்கும். 2019-ஆம் ஆண்டு வண்டியில் அந்தப் பழைய கோளாறு இருக்காது. ஆனாலும் கியரை இயக்கும் மின்-நீரியல் தொகுதி பழுதானால் செலவு ஆயிரங்களில் போகும். தெர்மோஸ்டாட்டோடு ஒன்றாகச் சேர்ந்த நீர்ப் பம்பின் பிளாஸ்டிக் உறையில் கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவம் கசிவதும் இந்த எஞ்சின் குடும்பத்தில் பார்க்கக்கூடிய ஒன்று. நடுவழியில் நிற்காமல் போகலாம், ஆனால் பணிமனையில் இரண்டு நாள் நிற்கும். அந்த இரண்டு நாளில் ஒன்று அம்மாவின் சுத்திகரிப்பு நாளாக அமைந்துவிடும்.

வெஸலுக்கு வருகிறேன். பிந்தைய ஆண்டு வண்டிகளில் தொடக்கக்காலக் கோளாறுகள் மென்பொருள் திருத்தங்களால் பெரும்பாலும் சரிசெய்யப்பட்டுவிட்டன என்பதால் 2019 வண்டியை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் அதில் உள்ள உலர் கிளட்ச் தேயும் பொருள். அது வேகமாகத் தேய்வது விரைவுச்சாலையில் அல்ல, நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்துமிடச் சாய்தளத்தில். ஆகவே சோதனை ஓட்டத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாகச் சூடேறும் வரை அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிவிட்டு, சாய்தளத்தில் பாதி ஏறி நிறுத்தி, பிரேக்கை மெல்ல விட்டு, நடைவேகத்தில் ஊர்ந்து ஏறவிடுங்கள். வண்டி நடுங்கியோ உதறியோ ஏறினால், அல்லது பின்னோக்கு கியரிலிருந்து முன்னோக்கு கியருக்கு மாற்றும்போது ஒரு நொடி யோசித்துப் பிறகு 'டக்'கென்று பிடித்தால், விலையில் எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஹைபிரிட் பேட்டரியைக் குளிர்விக்கக் காற்றை உள்ளிழுக்கும் துவாரம் எங்கே என்று விற்பவரிடம் கேட்டு, அது தூசியோ நாய் முடியோ அடைத்துக் கிடக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதை யாரும் சுத்தம் செய்யாத வண்டியில் மற்ற எதையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹைபிரிட் என்றாலே தொல்லை என்ற முடிவுக்கு இதிலிருந்து வந்துவிட வேண்டாம். 2023-இல் வெளியான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கணக்கின்படி ஹைபிரிட் கார்களில் சாதாரண பெட்ரோல் கார்களைவிட 26 விழுக்காடு குறைவான குறைகளே இருந்தன. அதற்கு டொயோட்டாவின் அமைப்பு ஒரு முக்கியக் காரணம்: 1997-இல் பிரியஸில் வந்த அந்த அமைப்பில் தேய்வதற்கு கிளட்ச் இல்லை, அறுவதற்கு சிவிடி பட்டை இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் இல்லை, ஒரு பல்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கின்றன. கேட்பதற்குச் சிக்கலாக இருக்கும் ஒன்று உள்ளே எளிமையாக இருப்பது அபூர்வம். ஜப்பானிய வண்டிதான் வேண்டும் என்று மாமா பிடிவாதமாக நின்றால், வெஸலுக்குப் பதிலாகக் கொரோலா ஆல்டிஸ் ஹைபிரிட் ஒன்று உங்கள் விலைக்குக் கிடைக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் அது அவான்டேயையும் பின்னுக்குத் தள்ளிவிடும்.

அவான்டேயை நான் முன்னிறுத்துவது அதில் விசேஷமாக எதுவும் இல்லாததால்தான். டர்போ இல்லை, இரட்டை கிளட்ச் இல்லை, ஹைபிரிட் பேட்டரி இல்லை. பழைய பாணியில் ஆறு வேகத் தானியங்கி கியர்பாக்ஸ். காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ எந்தப் பணிமனையில் நிறுத்தினாலும் அதைத் தெரிந்த ஆள் ஒருவர் இருப்பார். உதிரிபாகங்கள் அன்றே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பார்க்கப் போகும்போது, காலையில் வண்டி ஆறிய நிலையில் இருக்கும்போதே போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் வேறு நாள் வருவதாகச் சொல்லுங்கள். முதன்முதலாகக் கிளப்பும் அந்த இரண்டு மூன்று நொடிகளில் எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து சங்கிலி உரசும் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை இடவலமாகச் சிறிது அசைத்தால் 'லொட லொட' என்ற ஓசை வருவது இந்த வகை ஹூண்டாய்களின் மின்விசை ஸ்டீயரிங்கில் உள்ள ஒரு சிறு ரப்பர் இணைப்பு தேய்ந்ததால் இருக்கலாம். பாகம் மலிவானது, அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, விலையைக் குறைக்கக் கேட்டால் போதும். கூலன்ட் தொட்டியின் மூடியைச் சுற்றியும் குழாய் மூட்டுகளிலும் காய்ந்து படிந்த நிறக் கறை இருந்தால் எங்கோ மெல்லக் கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். குளிர்சாதனத்தை முழுவதும் திறந்துவிட்டு, நின்ற நிலையில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு வெப்பமானியைக் கவனியுங்கள். முள் நடுவிலிருந்து நகரக்கூடாது.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும்விடப் பெரியது சர்வீஸ் பதிவேடு. மூன்று வண்டியில் எதற்கு ஒழுங்கான பதிவேடு இருக்கிறதோ, கியர்பாக்ஸ் எண்ணெய் ஒருமுறையாவது மாற்றப்பட்டதற்கு ரசீது இருக்கிறதோ, அந்த வண்டி நான் மேலே சொன்ன வரிசையைக் கவிழ்த்துவிடலாம். பதிவேடு உள்ள கோல்ஃப், பதிவேடே இல்லாத அவான்டேயைவிட மேல். கியர்பாக்ஸ் எண்ணெய் "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால், யாருடைய ஆயுளுக்கு என்று கேளுங்கள். எங்கள் தொழிலில் உள்ளவர்கள் பெரும்பாலும் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வோம்.

அப்பாவின் சிட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் நீங்கள் எழுதிய ஆண்டைப் பார்த்ததும் சொல்லாமல் விட முடியவில்லை. தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பைகளில், ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத அம்மோனியம் நைட்ரேட் வெடிபொருள் இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் அதைச் சிதைத்துவிட, விபத்தின்போது பை விரிவதற்குப் பதிலாக உலோகக் கூடு வெடித்துச் சில்லுகள் ஓட்டுநர்மீது பாய்ந்தன. உலகெங்கும் சுமார் பத்துக் கோடி காற்றுப்பை ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் அந்த நிறுவனமே திவாலானது. ஹோண்டா, டொயோட்டா, நிசான், மாஸ்டா, பிஎம்டபிள்யூ என்று பல நிறுவனங்களின் வண்டிகளில் அவை இருந்தன. நம் பக்கத்து நாடான மலேசியாவிலேயே ஹோண்டா வண்டிகளில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. நடுவழியில் ஒருநாளும் நிற்காத வண்டிக்குள்ளும் இந்தக் குறை சத்தமில்லாமல் இருக்க முடியும். ஓட்டும்போது எந்த அறிகுறியும் தெரியாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் இணையத்தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் நிலுவையில் உள்ள திரும்ப அழைப்பு காட்டும். அப்பாவின் எண்ணை இன்றைக்கே போட்டுப் பாருங்கள். நிலுவை இருந்தால் மாற்றிக்கொடுப்பதற்குக் கட்டணம் இல்லை. மாற்றும்வரை வண்டியை வீட்டிலேயே நிறுத்தி வையுங்கள். நீங்கள் வாங்கப் போகும் வண்டியின் எண்ணையும் அதே இடத்தில் சோதித்துவிடுங்கள். இணை இறக்குமதியாக வந்த வெஸல் என்றால், திரும்ப அழைப்பு வேலைகளை இதுவரை யார் செய்துகொடுத்தார்கள், இனி யார் செய்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூவார் பயணத்தைக் காரணம் காட்டி, கடற்பாலத்துக்கு அப்பால் ஜோகூர் பாருவில் மலிவாகப் பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருக்கக்கூடும். டயர், பிரேக் பட்டைகள், புஷ்கள் போன்றவற்றுக்கு அது சரிதான். கியர்பாக்ஸ், ஹைபிரிட் அமைப்பு போன்றவற்றை அங்கே திறந்துவிட்டால், பிறகு சரியாக வராதபோது ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டி வரிசையில் நிற்க இரவுப் பணி செய்கிற உங்களுக்கு நேரம் இருக்காது.

பணம் கொடுப்பதற்கு முன் வண்டியை, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஓர் ஆய்வு நிலையத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளுங்கள். சில நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். சாலைத் தகுதிக்காக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாய ஆய்வில் தேறியிருக்கிறது என்பதை இதற்கு ஈடாக ஏற்காதீர்கள். அந்த ஆய்வு பிரேக், விளக்கு, புகை போன்றவற்றைப் பார்க்குமே ஒழிய, கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது. கார் வணிகரிடம் வாங்கினால் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள குறைப்பொருள் சட்டம் உங்களுக்குத் துணையாக இருக்கும். வண்டியைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் வணிகர். வயதுக்கும் ஓட்டத்துக்கும் இயல்பான தேய்மானம் இதில் சேராது. தனிநபரிடமிருந்து நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. வணிகரிடம் வாங்கினாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, வணிகர் வாய்மொழியாகச் சொன்ன உத்தரவாதம், ஓடிய கிலோமீட்டர், முன்பு நடந்த விபத்துப் பழுது ஆகிய மூன்றையும் அதே தாளில் எழுதச் சொல்லி வாங்குங்கள். "நிலையில் உள்ளபடியே விற்கப்படுகிறது" என்ற வரி இருந்தால் அதை அடித்து நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுக்கும் வணிகரிடம் அந்த வண்டியை விட்டுவிடலாம். 2019-இல் பதிந்த அவான்டேக்கள் இன்னும் சந்தையில் உண்டு.